அரிசிக் குளியல்

முதல் அகப்பையைச் சுமியின் முதுகில் கவிழ்த்தபோதே யசாகுவுக்குத் தெரிந்துவிட்டது, இது சரிப்பட்டு வராது என்று. தண்ணீர் இப்படிச் சத்தம் போடாது. தண்ணீர் என்றால் குதிரையின் முதுகில் சளாரென்று ஓர் அடி அடித்துவிட்டு, அப்புறம் ஓசைப்படாமல் விலா வழியாக இறங்கி வயிற்றுக்கடியில் சொட்டும். இது சரசரவென்று உருண்டு ஓடியது. தீட்டிய வெள்ளை அரிசி, பிரபுவின் சொந்தக் களஞ்சியத்தில் கடைசியாக மிஞ்சியது. கறுத்த முதுகின் மேல் வெயில் பட்டு அது மினுங்கி வழிந்ததைப் பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிற எவனும் தண்ணீர் என்றுதான் நினைப்பான். அதற்காகத்தானே மிச்சமிருந்த குதிரைகளில் நல்ல கறுப்பாகப் பார்த்து இதைப் பொறுக்கினார்கள். சுமி என்றால் எழுதுகிற மை. அந்தப் பேரை வைத்தவன் யசாகு இல்லை. வைத்தவனை இன்றைக்கு நினைக்கவே கூடாது என்று காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான், சொல்லச் சொல்ல அவனைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை. கீழே நாசே ஆறு இரைந்துகொண்டு ஓடியது. அந்த இரைச்சலில் அரிசியின் சத்தம் அக்கரைக்குக் கேட்காது, கேட்கக் கூடாது என்று எண்ணிக்கொண்டே வாளியிலிருந்து இரண்டாவது அகப்பையை மொண்டான்.

தோரிகோ கோட்டையில் தண்ணீர் நின்று அன்றோடு பதினெட்டு நாள். மலைக்குப் பின்புறத்து ஊற்றிலிருந்து மண்ணுக்கடியில் மூங்கில் குழாய் வழியாக வந்துகொண்டிருந்த தண்ணீரை, முற்றுகை போட்டவர்கள் மலையைக் குடைந்தபோது தெரிந்தோ தெரியாமலோ உடைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தொட்டியில் தேங்கியிருந்ததுதான், ஆற்றுக்கு இறங்கினால் அக்கரையிலிருந்து அம்பு பாயும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு மூங்கில் குவளை. இன்னும் நான்கு நாள் தாங்கினால் பெரிய விஷயம். எதிரிக்குச் சந்தேகம் இருந்தது, நிச்சயம் இல்லை. நிச்சயமாகத் தெரிந்தால் அவன் எதற்குப் பேச்சுக்கு வரப்போகிறான், நிழலில் உட்கார்ந்து நான்கு நாள் விசிறிக்கொண்டிருந்துவிட்டு மேலே ஏறி வந்து எல்லார் தலையையும் சீவிக்கொண்டு போவான். தெரியாதவரைக்கும் அவனுக்கும் அவசரம் உண்டு. அவனுடைய காலாட்களில் முக்கால்வாசிப் பேர் வயலை விட்டுவிட்டு வந்தவர்கள். கதிர் முற்றித் தலை சாய்ந்துவிட்டது, ராத்தூக்கத்தில்கூட அரிவாளைத் தேடுகிறவர்கள். கோட்டையை ஒப்படைக்கிறோம், உள்ளே இருக்கிற எல்லோரையும் உயிரோடு வெளியே விட்டுவிடுங்கள் என்று பிரபு ஆள் அனுப்பியிருந்தார். பொழுது சாய்வதற்குள் பதில் சொல்வதாக அவர்களும் சொல்லியிருந்தார்கள். உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று நம்பினால் சரி என்பார்கள், நம்பாவிட்டால் மாட்டார்கள், இவ்வளவுதான் கணக்கு.

இந்த யோசனை ஹோரியேவுடையது. கிழக்குச் சுற்றுக்கு அதிகாரியாக இருந்த சாமுராய், கெட்டிக்காரர், தாகத்தில் உதடு வெடித்து ரத்தம் கசிந்தபோதும் பேச்சைக் குறைக்காதவர். தண்ணீர் இல்லாதவன் குதிரையைக் குளிப்பாட்ட மாட்டான், ஆகவே குளிப்பாட்டு என்றார். ஆற்றைப் பார்த்த மேட்டில் முழங்கால் உயரத்துக்கு மூங்கில் தட்டி கட்டி, அதன் மறைவில் பாய் விரித்து, விழுகிற அரிசி ஒன்றுவிடாமல் திரும்பப் பானைக்குப் போகும்படி ஏற்பாடு செய்தார். குருவிகள் வந்து கொத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று ஒருவர் கேட்டதற்கு, இந்த மலையில் இன்னும் குருவி இருக்கிறதா என்று ஹோரியே திருப்பிக் கேட்டார். உண்மைதான், எல்லாம் எப்போதோ கண்ணி வைத்துப் பிடித்துச் சட்டிக்குப் போய்விட்டன. பிறகு அகப்பையைக் கையில் எடுத்து, மணிக்கட்டை எப்படித் திருப்பினால் அரிசி தண்ணீர்போல் விரிந்து விழும் என்று யசாகுவுக்குச் செய்துகாட்டினார். முப்பத்தைந்து வருஷமாகக் குதிரை குளிப்பாட்டுகிறவனுக்கு, வாழ்நாளில் ஒரு குதிரைக்குக்கூடத் தன் கையால் தண்ணீர் காட்டாத மனிதர் சொல்லிக்கொடுத்தார். யசாகு சரிங்கய்யா என்றான். சிரித்த முகமாக இரு, தண்ணீர் இருக்கிறவன் சிரித்துக்கொண்டுதான் இருப்பான் என்றும் சொன்னார், அதற்கும் சரிங்கய்யா என்றான். உள்ளே இருந்த இருநூற்றுச் சொச்சம் பேரில் அவனுடைய மகள் ஹாத்சுவும் ஒருத்தி. புருஷன் முதல் வாரத்திலேயே வெளிவாசல் சண்டையில் போய்விட்டான். எட்டு மாத வயிற்றோடு தானியக் கொட்டகையின் நிழலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இன்று காலையில் அவன் தன் குவளையில் பாதியை அவள் வாயருகே கொண்டுபோனபோது, உங்களுக்குத்தான் இன்னிக்கு வேலை இருக்கு, நீங்களே குடிங்கப்பா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் உதட்டில் தோல் உரிந்து வெள்ளையாகத் தொங்கியதை அவன் பார்த்தான்.

கழுத்து, தோள், முன்னங்கால் சந்து. வரிசை மாறக் கூடாது. இடது பக்கம் முடித்த பிறகுதான் வலது பக்கம். ஆற்றின் வளைவில் அக்கரைக்காரர்களின் ஏழெட்டுக் குதிரைகள் முழங்காலளவு தண்ணீரில் நின்றன, தண்ணீரில், எவ்வளவு தண்ணீர், யாருக்கும் தேவைப்படாமல் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கரையில் கொடிக்கம்பத்தின் கீழே மடக்கு நாற்காலி போட்டு அதிகாரிகள் மூன்று பேர் உட்கார்ந்து மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஓரமாகக் கச்சையை வரிந்து கட்டிக்கொண்டு ஒருவன் நின்றான். நின்ற மாதிரியைப் பார்த்தாலே போதும், முகம் பார்க்க வேண்டியதில்லை. இடது இடுப்பு கொஞ்சம் இறங்கியிருக்கும், இருபது வயதில் ஒரு பெட்டைக் குதிரை உதைத்த உதை. தன்சோ. சுமிக்குப் பேர் வைத்தவன். யசாகுவின் செத்துப்போன மனைவி ஒசெனுக்குக் கூடப் பிறந்த அண்ணன். அம்பு விட்டால் தைக்கிற தூரம், ஆனால் பதினோரு வருஷத் தூரம். மற்றவர்களை ஏமாற்றலாம், அந்த மூன்று பேரும் குதிரை மேல் உட்காரத் தெரிந்தவர்கள், அவ்வளவுதான். தன்சோவை எப்படி ஏமாற்றுவது? அவனை எதற்காக அங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்பதும் யசாகுவுக்குப் புரிந்துதான் இருந்தது: இவன் முன்னே அந்தக் கோட்டையில் வேலை பார்த்தவன், அவர்கள் குதிரையெல்லாம் இவனுக்குத் தெரியும், இவனைக் கேட்டால் சொல்லிவிடுவான். இன்னும் அவர்கள் கேட்கவில்லை. கேட்கிற நேரம் வரத்தான் போகிறது என்று நினைத்தபோது அகப்பை விளிம்பு சுமியின் தோளில் இடித்தது, அது காதை மடக்கியது.

தன்சோ ஓடிப்போனவன் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அவனைக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அந்தப் பக்கத்துப் பிரபுவும் இந்தப் பக்கத்துப் பிரபுவும் ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகிதர்கள். அவருக்குப் பிள்ளை பிறந்த சந்தோஷத்துக்கு இவர் ஐந்து குதிரை அனுப்பினார். புது இடத்தில் குதிரைகள் மிரளாமல் இருக்கப் பழகின ஆள் ஒருவன் கூடப் போக வேண்டுமே, சேணத்தோடும் கடிவாளத்தோடும் தன்சோவும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டான். யாரும் அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பான், சரிங்கய்யா என்றிருப்பான். சிநேகிதம் பகையானபோது தன்சோ எந்தப் பக்கத்தில் நின்றானோ அந்தப் பக்கத்து ஆளாகிவிட்டான். அவன் போனபோது சுமி பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, தாயின் வயிற்றுக்கடியில் புகுந்து புகுந்து எழுகிற சின்னக் குட்டி. யசாகு சுமியின் முதுகைத் தேய்த்தான், வெறும் வைக்கோல் பிரியால், ஈரத்தைத் துடைக்கிறவன்போல வழித்து வழித்து உதறினான். உதறினால் துளி தெறிக்க வேண்டும். தெறிக்கவில்லை. இந்தத் தூரத்துக்கு அது தெரியாது, தெரியாது என்று மனசுக்குள்ளே சொல்லிக்கொண்டான். ஆனால் வேறொன்று தெரியும். அது இப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது. குளித்த குதிரை சிலிர்க்கும். மூக்கிலிருந்து வால்வரை ஓர் உலுக்கு உலுக்கித் தண்ணீரை விசிறியடிக்காத குதிரை உலகத்தில் இல்லை. அரிசியைக் கொட்டினால் எந்தக் குதிரை சிலிர்க்கும்? ஹோரியே எல்லாம் யோசித்தார், பாயை யோசித்தார், குருவியை யோசித்தார், இதை யோசிக்கவில்லை. கேட்டிருந்தால் யசாகு சொல்லியிருப்பான். அவன் சுமியின் தலையைத் தன் பக்கம் இழுத்து, ஏதோ ரகசியம் பேசுகிறவன்போலக் குனிந்து, அதன் காதுக்குள் உஃப் என்று ஊதினான். வாயில் ஈரமில்லை, ஊதுகிற காற்றே உலர்ந்து சுட்டது. சுமி தலையை ஆட்டியது, கழுத்து ஆடியது, உலுக்கல் அப்படியே முதுகு வழியாக ஓடி வால் வரைக்கும் போனது. மயிருக்குள் சிக்கியிருந்த அரிசியெல்லாம் வெயிலில் சிதறித் தெறித்தது. அக்கரையில் ஓர் அதிகாரி பக்கத்தவரிடம் ஏதோ சொன்னார். தன்சோ அசையவில்லை.

இதே வளைவுதான். இப்போது அவர்களின் குதிரைகள் நிற்கிற இதே இடத்தில்தான் கோடைக்கால மதியங்களில் யசாகுவும் தன்சோவும் குதிரைகளை இறக்குவார்கள். ஆளுக்கு நான்கு. யார் முதலில் முடிப்பது என்று போட்டி, தோற்றவன் ஜெயித்தவனுக்கு வைக்கோல் செருப்பு பின்னிக் கொடுக்க வேண்டும். ஒரு கோடை முழுக்க யசாகு இரண்டு பேருக்கும் செருப்பு பின்னினான். ஏனென்றால் அந்தக் கோடையில்தான் ஒசென் துணி துவைக்க அங்கே வர ஆரம்பித்தாள். அவளுக்கு மேல்கரையில் நல்ல துறை இருந்தது, தட்டைக் கல் இருந்தது, இருந்தும் குதிரை கலக்கிய தண்ணீரில் வந்து துவைத்தாள். அது எதற்காக என்று தன்சோவுக்கு முதல் நாளே தெரியும். யசாகுவுக்குத்தான் அறுவடை வரைக்கும் தெரியவில்லை. முலாம்பழத்தைக் கூடையோடு ஆற்றில் அமிழ்த்திக் கல்லை வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் மூன்று பேரும் எடுத்து உடைப்பார்கள். கத்தி கிடையாது, முழங்காலில் தட்டி உடைப்பதுதான். ஜில்லென்று இருக்கும் அது, பல் கூசும், மோவாயில் வழியும், வழிந்ததை யாரும் துடைக்க மாட்டார்கள். ஒசென் விதைகளை அண்ணன் முதுகில் குறிபார்த்துத் துப்புவாள். அவன் திரும்பி முறைத்தால், நான் இல்லை அவர்தான் என்று யசாகுவைக் காட்டுவாள். முழங்கால்வரை தூக்கிச் செருகிய பாவாடை, ஈரத்தில் சிவந்த பாதம், காதோரத்தில் ஒட்டிய மயிர். எவ்வளவு தண்ணீர் அவர்களிடம் இருந்தது. தாகம் என்று ஒன்று இருப்பதே தெரியாத வயது. குடிக்க வேண்டுமென்றால் நிற்கிற இடத்திலேயே குனிந்தால் போதும், குனியக்கூட வேண்டாம், தன்சோ ஓர் அகப்பையை முகத்தில் விசிறி அடிப்பான், வாயைத் திறந்து வைத்துக்கொண்டால் பாதி உள்ளே போய்விடும். அந்த நாட்களை விட நல்ல நாள் தன் ஆயுசில் வரவில்லை என்பது யசாகுவுக்கு இந்த மேட்டில், இந்த வெயிலில், சந்தேகமில்லாமல் தெரிந்தது. வலது பக்கத்துக்கு மாறினான். கையில் அகப்பை தானாக நடந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு தன்சோ அவனை மாப்ளே என்று கூப்பிட ஆரம்பித்தான். கேலிக்காகத் தொடங்கி, அதுவே பேராகிவிட்டது. ஹாத்சு பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவன் தாய்மாமன் தன்சோதான், குதிரைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காலைப் பார், நல்ல கால், நிறைய நடப்பாள் என்றான். அந்த மனிதன் அக்கரையில் இருக்கிறான். அவனுடைய தங்கை மகள் இக்கரையில் நாக்கு வறண்டு கிடக்கிறாள். அவள் உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியுமா? தெரிய வழியில்லை. கல்யாணமாகி எந்த ஊருக்குப் போனாளோ என்று நினைத்திருப்பான். தெரிந்தால் மட்டும்? இந்த இடத்துக்கு வந்ததும் யசாகுவின் நினைப்பு எப்போதும்போல முட்டி நின்றது. நான்கு வருஷமாக இந்த இடத்தில்தான் முட்டுகிறது. ஒசென் காய்ச்சலில் விழுந்த குளிர்காலம். மூன்று நாள், மூன்றே நாள், கண்ணை மூடிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள், அண்ணன் வந்துட்டாரா என்று. மலைப்பாதையில் பனி, கிளம்பிட்டாராம், வந்துகொண்டே இருக்கிறாராம் என்று யசாகு சொன்னான். அவன் யாரையும் அனுப்பவே இல்லை. அனுப்ப வேண்டுமானால் எல்லைக் காவலைத் தாண்ட ஹோரியேவின் முத்திரை வேண்டும், பகை முற்றிக்கொண்டிருந்த நேரம், போய்க் கேட்கப் பயம். பயம் மட்டுமா? அதை யசாகு தனக்குள்ளேகூட மெல்லத்தான் சொல்லிக்கொள்வான். ஹாத்சு பெரியவளானதும் நடந்த தலைமுடி கட்டுகிற சடங்குக்குத் தன்சோ வரவில்லை, ஒரு வார்த்தை சொல்லியும் அனுப்பவில்லை, அந்தக் கோபம் உள்ளே கட்டியாக இருந்தது. வரட்டும், அவனாக வரட்டும், நாம் ஏன் காலில் விழுந்து கூப்பிட வேண்டும் என்றிருந்தான். எழுந்துவிடுவாள் என்றுதான் நினைத்தான். நாலாம் நாள் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

தங்கை செத்தது தன்சோவுக்கு அடுத்த கோடையில், ஓர் உப்பு வியாபாரி சொல்லித்தான் தெரிந்தது. அதே வியாபாரி திரும்பி வந்தபோது யசாகுவிடம் பதிலும் கொண்டுவந்தான். என்ன சொன்னான் என்று கேட்டதற்கு அந்த ஆள் மூட்டையை இறக்காமலே, தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். இனிமேல் எதையும் எனக்குச் சொல்ல வேண்டாம்னு அவன்கிட்ட சொல்லிடு. இவ்வளவுதானாம். திட்டியிருக்கலாம், சாபம் விட்டிருக்கலாம், அடித்துக் கொல்கிறேன் என்றிருந்தால்கூட யசாகு நிம்மதியாகத் தூங்கியிருப்பான். முற்றுகை தொடங்கிய நாளிலிருந்து தினமும் இந்த மதிலில் நின்று அந்த இறங்கின இடுப்பைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தான், எதற்கென்று அவனுக்கே தெரியாது. தன்சோ ஒரு நாளும் தலையை உயர்த்திப் பார்த்ததில்லை. இன்றைக்குத்தான் பார்க்கிறான். அவனிடம் ஒருமுறை, ஒரே ஒருமுறை, கிட்டே போய் நின்று சொல்லிவிட வேண்டும்: அவள் உன்னைத்தான் கேட்டாள், நான்தான் கூப்பிடவில்லை. அதைச் சொல்வதற்கு வார்த்தைகளை யசாகு நான்கு வருஷமாகத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தான். தொடை, பின்னங்கால், வால் அடி. வாலைத் தூக்கி விரலால் கோதினான். ஒசெனின் கூந்தலை ஆற்றில் அவள் அலசுகிறபோது இப்படித்தான் பிரிந்து பிரிந்து மிதக்கும். தன்சோ போவதற்கு முதல் நாளும் மூன்று பேரும் ஆற்றில்தான் இருந்தார்கள். போட்டி போடவில்லை, மெதுவாக, ஒரு குதிரைக்கு இரண்டு குதிரை நேரம் எடுத்துக்கொண்டார்கள். முடிவில், குளிப்பாட்டி முடித்த குதிரைக்கு எப்போதும் செய்கிறதைச் செய்தார்கள்: கடைசி வாளித் தண்ணீர் குதிரைக்கு. அதன் முன்னால் வைத்துவிட்டு, அது குடித்து முடிக்கிறவரைக்கும் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அன்றைக்குக் குதிரைகள் குடித்துக்கொண்டே இருந்தன, நல்லவேளை இன்னும் குடிக்கின்றன என்றிருந்தது, அந்தச் சப்புக்கொட்டுகிற ஓசை நிற்கக் கூடாது என்றிருந்தது, யசாகு கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

கண்ணைத் திறந்தபோது கை உண்மையாகவே சுமியின் கழுத்தில் கிடந்தது. வாளி அதன் முன்னால், மேட்டின் உயர்ந்த திட்டில், மூங்கில் தட்டிக்கு மேலே, ஊரே பார்க்கிற இடத்தில் இருந்தது. அங்கே வைத்தது அவனேதான். முப்பத்தைந்து வருஷத்துக் கை, யாரையும் கேட்காமல் தன் வேலையை முடித்துவிட்டிருந்தது. வாளியில் பாதிக்கு மேல் அரிசி. சுமி மூக்கை உள்ளே விட்டுவிட்டது. அது மூன்று நாளாகப் புல்லைக் கண்ணால் பார்க்காத குதிரை. நறநறவென்று மெல்லுகிற சத்தம் யசாகுவின் உள்ளங்கைக்குக் கழுத்து வழியாக வந்தது. ஐயோ என்று நினைத்தான், நினைப்பு அதற்கு மேல் நகரவில்லை. தண்ணீர் குடிக்கிற குதிரைக்குத் தாடை ஆடாது. உதடு மட்டும் தண்ணீரில் பட்டிருக்கும், தொண்டையில் முடிச்சு முடிச்சாக ஏறும், காது அதற்கு ஏற்றபடி முன்னும் பின்னும் போகும். இது தாடையை அரைக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் அந்த மூன்று பேருக்கே தெரிந்துவிடும். பிடுங்கிவிடலாமா? தண்ணீர் நிறைய இருக்கிற கோட்டையில் குடிக்கிற குதிரையின் வாயிலிருந்து எவன் வாளியைப் பிடுங்குவான்? பிடுங்கினால் தண்ணீருக்குப் பஞ்சம் என்று தண்டோரா போட்ட மாதிரி. விட்டால் அரிசி என்று தெரியும், பிடுங்கினால் தண்ணீர் இல்லை என்று தெரியும். விட்டால் இன்னொன்றும் உண்டு, உலர்ந்த அரிசி உலர்ந்த வயிற்றில் இறங்கிக் கட்டிக்கொண்டால் ராத்திரிக்குள் சுமி புரண்டு புரண்டு செத்துப்போகும். கை நீளவும் இல்லை மடங்கவும் இல்லை. ஹாத்சுவின் உதட்டில் தொங்கின தோல் கண்ணுக்குள் வந்து நின்றது. இருநூற்றுச் சொச்சம் பேரையும் அவன் ஒரு பழைய மதியத்தை நினைத்துக்கொண்டு கொன்றுவிட்டான். சிரித்த முகமாக இரு என்றாரே, சிரிக்கிறோமா என்று யோசித்தான். உதடு இழுபட்டுக்கொண்டுதான் இருந்தது.

அக்கரையில் நடுவில் இருந்த அதிகாரி நாற்காலியைவிட்டு எழுந்தார். கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தன்சோவின் பக்கம் திரும்பிக் கேட்டார். என்ன கேட்டார் என்று யசாகுவுக்குக் கேட்க வேண்டியதில்லை. தன்சோ மேட்டைப் பார்த்தான். அவ்வளவு தூரத்திலிருந்தும் அந்தப் பார்வை எங்கெங்கே போகிறது என்று யசாகுவுக்குத் தெரிந்தது: முதலில் குதிரையின் தாடை, அப்புறம் காது, அப்புறம் ஈரம் பட்டுத் திட்டாகாத வயிறு, கடைசியாக யசாகு. அங்கே வந்து நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று சொல்வதற்கில்லை. ஒரு சிவப்புத் தும்பி சுமியின் முதுகில் உட்கார்ந்துவிட்டுப் போனது. சொல்லட்டும் என்று யசாகு நினைத்தான். அவனுக்கு அந்த உரிமை உண்டு. என் விஷயத்தில் உண்டு, ஹாத்சு விஷயத்தில் இல்லை, ஆனால் அதை அவனுக்கு யார் சொல்வது? உன் தங்கை மகள் இங்கே இருக்கிறாள் என்று கத்தலாமா? கத்தினால் குட்டு இன்னும் சீக்கிரம் உடையும். அதுவுமல்லாமல் தொண்டையில் கத்துவதற்கு ஒன்றுமில்லை. அதிகாரி மறுபடியும் கேட்டார், இந்தத் தடவை கையை நீட்டி வாளியைக் காட்டினார். தன்சோ அவரைத் திரும்பிப் பார்க்காமல் ஆற்றுக்குள் இறங்கினான். கணுக்கால், முழங்கால், தொடை. நொண்டிக்கொண்டே நடு ஆறு வரைக்கும் வந்தான். இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவித்துக்கொண்டு, குதிரைகளை ஆறு தாண்டிக் கூப்பிடுகிற அந்தப் பெரிய குரலில் கத்தினான்.

“ஏய் கோட்டைக்காரா! குதிரைய வளக்குறியா கொல்றியா? அவ்வளவு தண்ணிய ஒரே மூச்சுல குடிக்க விடாத, வயிறு கட்டிக்கிட்டுச் செத்துரும்! வாளிய எடு!”

கரையில் அதிகாரிகள் சிரித்தார்கள். எதிரியின் குதிரைக்காக ஒரு குதிரைக்காரனுக்கு வருகிற கோபத்தைப் பார்த்து ஒருவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். யசாகு வாளியை எடுத்தான். இப்போது எடுக்கலாம், எடுத்தால்தான் சரி. சுமி விடாமல் மூக்கை நீட்டியது, அதன் நெற்றியைப் புறங்கையால் தள்ளினான். அரிசி கொஞ்சம் சிந்திப் பாயில் விழுந்தது. கோட்டைக்காரா என்று கூப்பிட்டான், முன்பின் அறியாதவனைக் கூப்பிடுகிற மாதிரி. அப்படித்தான் கூப்பிட முடியும், வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அந்த மூன்று பேரும் அவனைச் சும்மா விட மாட்டார்கள். யசாகு பதிலுக்கு வாயைத் திறந்தான். வார்த்தைகள் எல்லாம் இருந்தன, குரல் இல்லை. வறண்ட தொண்டையிலிருந்து அவனுக்கே கேட்காத ஒரு கீறல்தான் வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதனால் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தான், இடுப்பிலிருந்து, எவ்வளவு தாழக் குனிய முடியுமோ அவ்வளவு. எதிரிக்கு இவ்வளவு குனியக் கூடாது, தெரியும். நிமிர்ந்தபோது தன்சோ முதுகைக் காட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஆற்றில் நின்ற குதிரைகளை ஒவ்வொன்றாகக் கடிவாளம் பிடித்துத் திருப்பினான். அதிகாரிகள் நாற்காலிகளை மடக்கச் சொல்லிவிட்டுக் கூடாரத்துப் பக்கம் நடந்தார்கள், ஒருவர் மட்டும் திரும்பி மேட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் பக்கத்தவரின் தோளைத் தட்டினார்.

தட்டி மறைவில் முழங்காலால் தவழ்ந்துகொண்டு ஹோரியே வந்தார். கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது. யசாகு அதற்குள் சுமியின் வாயை விரலால் பிளந்து, கன்னத்தில் அடைந்திருந்த அரிசியைத் தோண்டித் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தான். தின்ற வரைக்கும் ஆபத்தில்லை என்று பட்டது. ஆற்றிரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை, அந்த நொண்டி என்ன கத்தினான் என்று ஹோரியே கேட்டார். யசாகு எச்சிலைக் கூட்டப் பார்த்தான், கூடவில்லை. இரண்டு மூன்று முறை முயன்ற பிறகு சொல் வந்தது.

“குதிரைக்கு இவ்வளவு தண்ணி காட்டக் கூடாதாம்யா. வயிறு கட்டிக்குமாம்.”

ஹோரியே ஒரு கணம் விழித்துவிட்டு, வெடித்த உதட்டைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். குலுங்கக் குலுங்கச் சிரித்தார், விரலிடுக்கில் ரத்தம் தெரிந்தது. “நம்பிட்டான்யா! குதிரைக்காரன்னு நிறுத்தி வச்சிருக்கானுங்க பாரு, அரிசிக்கும் தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாத முட்டாப்பய.”

அவர் பதிலை எதிர்பார்த்து யசாகுவின் முகத்தையே பார்த்தார். மேலே கொட்டகைப் பக்கம் யாரோ இருமினார்கள், ஹாத்சுவாக இருக்கலாம். யசாகு சுமியின் தாடையிலிருந்து கையை எடுத்தான்.

“ஆமாங்கய்யா,” என்றான். “முட்டாப்பயதான்.”